ஏழு பட்டை

எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை அந்த நட்டைத் தொடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். இருபது நிமிடம். ஒன்பது பத்துக்குக் கிளம்பியது, இப்போது ஒன்பது பதினாறு. இன்னும் பதினான்கு நிமிடம் இந்தத் திறந்த பானெட்டின் முன்னால் நான் ஒன்றும் செய்யாமல் நிற்கலாம். முப்பத்தொரு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற வண்டி. மோரிஸ் மைனர், ஐம்பத்தொன்பதாம் வருடத்தது, சாம்பலா பச்சையா என்று அப்பாவும் அம்மாவும் கடைசிவரை ஒத்துப்போகாத நிறம். இன்று அது ஓடுகிறது; ஓடுகிறது என்றால் நின்ற இடத்தில் நடுங்குகிறது, புகைக்குழாயில் கறுப்பாக நீர் துப்புகிறது, ஷெட்டின் தகரக் கூரையில் அதன் அதிர்வு ஏறி எங்கோ ஓர் ஆணி கூடவே கிணுகிணுக்கிறது. முன்கண்ணாடிக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுகிற பக்கம் உட்காருங்கள் என்றுதான் சொன்னேன். வேண்டாம் என்று பானெட்டைத் தடவிக்கொண்டே சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து, கண் தெரியாதவர் உட்காரும் விதத்தில், முதலில் இருக்கையைக் கையால் அளந்து, பிறகு அமர்ந்தார். அது அம்மாவின் இடம். அவர் அதை நினைத்துப் போனாரா, அந்தக் கதவு கைக்கு முதலில் அகப்பட்டதா, தெரியவில்லை. சோக் நாபை, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் விடும் இழுகுமிழை, அவர்தான் பிடித்திருக்கிறார். இந்த வண்டியில் அதன் பூட்டுப் பல் என்றைக்கோ தேய்ந்துவிட்டது. வெளியே இழுத்துக் கையை எடுத்தால் நாப் தானாக உள்ளே போய்விடும், எஞ்சின் குளிர்ந்திருந்தால் உடனே நின்றுவிடும். யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். “நான் புடிச்சுக்கறேன், நீ போய் உன் வேலையப் பாரு” என்றார். எண்பத்திரண்டு வயது விரல்கள். கண்ணாடி வழியே அவருடைய மணிக்கட்டு மட்டும் தெரிகிறது, நரம்போடியது, இழுத்த இழுப்பில் அசையாமல்.

நட்டு எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கார்புரேட்டரின் அடியில், விரல்நுனிக்கு மட்டும் எட்டும் இடத்தில், ஆறுபட்டைப் பித்தளை நட்டு ஒன்று. அதை மேலே ஏற்றினால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். முழுவதும் மேலே ஏற்றி, அது முட்டி நிற்கும் இடத்திலிருந்து, ஒரு சுற்றுக்கு ஆறு பட்டை என்ற கணக்கில், எத்தனை பட்டை கீழே இறக்கியிருக்கிறது என்று எண்ணுவதுதான் அளவு. பன்னிரண்டு பட்டை இருந்தால் இந்த வண்டி ஓடும். என் நோட்டுப் புத்தகத்தில், இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் சாய்வில்லாத கையெழுத்தில், ஐந்து என்று எழுதியிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஐந்தில் வைத்தேன். அதற்கடுத்த புதன்கிழமை, நெஞ்சைப் பிடித்துக்கொண்ட அம்மாவை அப்பா இதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில், ரயில்வே கேட்டில் வண்டி நின்றுவிட்டது. அங்கேயே இருபது நிமிடம். பிறகு பின்னால் நின்ற லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். ‘கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா’ என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அது ஒரு வாக்கியம்கூட அல்ல, முடிவில்லாத பாதி வாக்கியம், மீதியை நாம் ஆயுள் முழுவதும் எழுதிக்கொள்ள வேண்டும். குற்றம் அப்பாவின் தலையில் விழுந்தது. ஓட்டத் தெரியாமல் வண்டியை நிறுத்திவிட்டார் என்றார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று கட்டியிழுத்து வந்து ஷெட்டில் விட்டபிறகு இந்த நட்டை ஒருவரும் தொடவில்லை, ஆகவே நட்டு இன்னும் ஐந்தில்தான் நிற்க வேண்டும். நின்றால், குற்றவாளி நான்தான். இன்று எண்ணுவேன், எண்ணியபின் அவரிடம் சொல்வேன். அவர் இருக்கும்போதே சொல்ல வேண்டும். எண்ணுவதற்கு நட்டைத் திருப்ப வேண்டும், திருப்பினால் சாட்சியம் கலைந்துபோகும். ஒரு முறைதான் முடியும், இரண்டாவது அளவீடு கிடையாது. என் மாணவி யாராவது அப்படி ஒரு சோதனை செய்வதாகச் சொன்னால் அனுமதித்திருக்க மாட்டேன்.

ஒன்பது பத்தொன்பது. ரேடியேட்டர் குழாய் இளஞ்சூடு. சூடேற வேண்டும் என்பது சாக்கு அல்ல, காரணம் உண்டு: நட்டைச் சுற்றி மசகும் தூசும் சேர்ந்து கருங்கல்லாக இறுகியிருக்கிறது, சூட்டில் இளகினால்தான் அசையும். அந்த இறுகல் எங்கும் உடையாமல் முழு வளையமாக இருப்பதைப் போன மாதமே டார்ச் அடித்துப் பார்த்து வைத்திருக்கிறேன். மெக்கானிக் சிராஜுதீனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பெட்ரோல் டேங்கைக் கழுவுங்கள், பிரேக்கை மாற்றுங்கள், ரப்பர் எல்லாவற்றையும் மாற்றுங்கள், கார்புரேட்டரை மட்டும் தொடாதீர்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். “அக்கா, அதுக்குள்ள ஏதாவது புதையல் வச்சிருக்கீங்களா?” என்றார். இல்லை என்றேன். “காலேஜ் டீச்சரெல்லாம் நட்டத் திருக ஆரம்பிச்சா நாங்க போயி பாடம் எடுக்க வேண்டியதுதான். உங்க பிள்ளைங்க பாவம்” என்றார். சிரித்தேன். அவர் போனபின் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றினேன், அதில் பெட்ரோல் காய்ந்து அரக்காகப் படிந்திருந்தது, பழைய வார்னிஷ் வாசனை, நுனிநாக்கில் கசந்தது. பிஸ்டனை எடுத்து மெல்லிய துணியால் துடைத்தேன். நட்டை மட்டும் சுற்றி வந்தேன், பேச்சில் ஒருவர் ஒரு பெயரைச் சுற்றி வருவதைப் போல. நாங்கள் இருவரும், அப்பாவும் நானும், முப்பத்தொரு வருடமாக ஒரே வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அப்பாதான் இரண்டு மாதத்துக்கு முன், கண் டாக்டர் இடக்கண்ணும் இனி தேறாது என்று சொல்லிவிட்டு வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டே, “அந்த வண்டிய ஓடுற மாதிரி பண்ணு கோதை” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மோர் ஊற்றினேன்.

அந்த ஞாயிறு. அதை எத்தனை முறை நடத்திப் பார்த்திருக்கிறேன், பல்சக்கரத்தில் ஒரு பல் மட்டும் உடைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தட்டுமே, அப்படி. பொன்மலைச் சந்தைக்குப் போய்விட்டு அம்மா வந்திருந்தாள், ஒரு டஜன் மரக் கிளிப் வாங்கிக்கொண்டு, துணி காயப்போட. அதில் ஒன்றை நான்தான் கேட்டு வாங்கினேன். சோக் நாப் உள்ளே போகாமலிருக்க அதன் கழுத்தில் ஒரு துணிக் கிளிப்பைக் கவ்விவிட்டால் போதும், கையால் பிடிக்க வேண்டியதில்லை. தெரு முனை தாண்டி எஞ்சின் சூடானதும் கிளிப்பை எடுத்துவிட வேண்டும், இதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு, பழைய கிளிப் அந்த வாரம்தான் உடைந்திருந்தது. புதுக் கிளிப்பை மாட்டி எஞ்சினைக் கிளப்பினேன். சூடாயிற்று. அப்போது கிளிப்பை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதற்குக் காரணமே இல்லை, அதுதான் தாங்க முடியாதது, ஒரு கோபமோ ஒரு கவலையோ இருந்திருந்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான். கிளிப் நாபை ஒரு நெல்லளவு வெளியே இழுத்துப் பிடித்திருந்தது. நான் பானெட்டுக்கு அடியில் நட்டை மேலே ஏற்றினேன். ஒலி சீராயிற்று. இன்னும் ஏற்றினால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் தடுமாற வேண்டும், தடுமாறினதும் ஓரிரு பட்டை இறக்கி நிறுத்த வேண்டும், அதுதான் முறை. தடுமாறவில்லை. பத்து, ஒன்பது, எட்டு. ஒலி அப்படியே இனிமையாக இருந்தது. ஏழு, ஆறு. என் கை நட்டைத் திருப்பிக்கொண்டிருந்ததே தவிர, உள்ளே பெட்ரோலின் அளவைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது கிளிப், நட்டு அல்ல. அது எனக்குத் தெரியவில்லை. திருகுக்கு மறுமொழி சொல்லாத கருவி திருகோடு தொடர்பற்ற கருவி என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். நானோ அதை அதிர்ஷ்டம் என்று எண்ணினேன். ஐந்தில் நிறுத்தினேன். “அப்பா, பெட்ரோல் மிச்சம் இனிமே” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். “மிச்சத்துல எனக்கு ஒரு பொடவை எடு” என்று அம்மாதான் பதில் சொன்னாள், அடுப்படியிலிருந்து.

வெர்னியர் அளவியைக் கையில் கொடுத்தவுடன் முதலில் என்ன பார்க்க வேண்டும்? சுழிப்பிழை, மேடம். முப்பது வருடம், வருடத்துக்கு அறுபது பெண்கள், ஒரே குரலில். ஒன்றையும் அளக்காதபோது கருவி சுழியில் நிற்கிறதா என்று பார்க்காமல் அளக்க ஆரம்பித்தவளுக்கு நான் ஒருபோதும் மதிப்பெண் போட்டதில்லை. ஒருத்தி அழுதாள், ஆயிஷா பானு, ஒரே ஒரு தடவை மறந்துட்டேன் மேடம் என்றாள். ஒரு தடவைதான் மறக்க முடியும் என்று சொன்னேன். அவளுக்கு அது கொடுமையாக இருந்திருக்கும். அவள் முகம் இன்னும் நினைவிருக்கிறது, மூக்கு நுனி சிவந்து. அவளிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை நான்.

ஒன்பது இருபத்தைந்து. புதன்கிழமை எனக்கு எம்.எஸ்ஸி. செய்முறைத் தேர்வு. செய்தி கல்லூரிக்கு வந்து, யாரோ ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நான் வீடு சேர்வதற்குள் ஆட்கள் கூடிவிட்டிருந்தார்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அம்மா அல்ல. ஷெட்டை ஒட்டிக் கட்டியிருந்த கொடியில் காலையில் அவள் துவைத்துப் போட்ட துணிகள், அப்பாவின் வேலைச் சட்டை, என் தாவணி, தலையணை உறைகள், காற்றில். ஒவ்வொன்றிலும் கிளிப். சட்டையின் இடத் தோளில் கவ்வியிருந்த கிளிப்பில் மட்டும் கறுப்பாக மசகு ரேகை, என் கட்டைவிரல் ரேகை. ஒன்று குறைகிறதென்று தேடியிருப்பாள். வண்டிக்குள் பார்த்திருப்பாள். இவளுக்குப் பொறுப்பே கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டு பிடுங்கி வந்திருப்பாள். நாப் உள்ளே போயிற்று, நட்டின் ஐந்தாம் பட்டை தன் வேலையை எடுத்துக்கொண்டது. இது அத்தனையும் எனக்கு அங்கேயே, கொடிக்கு முன்னால், அழுகைக்கு முன்னால், ஒரு சமன்பாட்டின் கடைசி வரியைப் போலத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் அழுகை வர நேரமாயிற்று. கிளிப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சட்டை ஒரு தோளில் தொங்கிற்று. யாரும் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் சடங்கில் அம்மாவின் அண்ணன், கலியபெருமாள் மாமா, பந்தலில் நாற்பது பேருக்கு நடுவே அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “மாட்டு வண்டியில ஏத்திட்டுப் போயிருந்தா எந்தங்கச்சி பொழச்சிருப்பா. ஒர்க் ஷாப்புல ரயில் எஞ்சினையே பிரிச்சு மாட்டுற சார்ஜ்மேன், அய்யாவுக்கு ஒரு டப்பா காரை ஸ்டார்ட் பண்ணத் தெரியல.” அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கே ஒரு மெக்கானிக்கக் கூட்டியாறேன். வண்டில கோளாறா இந்த ஆளுகிட்ட கோளாறான்னு பாத்துருவோம்” என்றார் மாமா. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். அந்த நொடி போனபின் அடுத்தது, அது போனபின் தலை திவசம், அதன்பின் ஒவ்வொரு திவசம், ஒவ்வொரு தடவையும் முந்தைய மௌனத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மெக்கானிக் வந்தார், மறுநாள் மதியம். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணியில் போய்விட்டார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்று பிறகு சித்தி சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. அந்த ஆளுக்குப் பட்டை எண்ணத் தெரியவில்லை போலும் என்று நினைத்தேன். அதற்குமேல் அதை நினைக்கவில்லை. மாமா அதன்பின் எங்கள் வாசலை மிதிக்கவில்லை, அப்பாவோடு ஒரு வார்த்தை பேசாமல் செத்துப் போனார், அப்பா போய்க் கோடித்துணி போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

அந்த ஆளுக்கு எண்ணத் தெரியவில்லை. எண்ணக்கூட வேண்டியதில்லையே. சோக் உள்ளே போனால் நிற்கிற வண்டியை எந்த மெக்கானிக்கும் கோளாறு இல்லாத வண்டி என்று சொல்ல மாட்டான். இதை நான் ஏன் முப்பத்தொரு வருடம் யோசிக்கவில்லை? தடுமாற வேண்டிய இடத்தில் தடுமாறாதபோது நான் எப்போதும் அதை அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொள்கிறேன் போலிருக்கிறது.

ஒன்பது முப்பது. “நிறுத்தறேன்ப்பா” என்று சாவியைத் திருப்பினேன். கூரையில் ஆணியின் கிணுகிணுப்பு கடைசியாக ஓய்ந்தது. அமைதியில் சூடான இரும்பு டிக் டிக்கென்று சுருங்குகிறது. அப்பா நாபை விடவில்லை, எஞ்சின் நின்றபின்னும். கண் தெரியாததால் மறந்திருப்பார். ஸ்பானரை உள்ளே விட்டேன். சூடு மணிக்கட்டில் அறைகிறது. நட்டு அசைய மறுக்கிறது, பிறகு, பல்லை நறநறத்ததைப் போல ஓர் ஒலி, கறுப்பு வளையம் பொடிந்து விரலில் உதிர்கிறது, அசைந்துவிட்டது. ஒன்று. மேல்நோக்கி, ஒவ்வொரு பட்டையாக. இரண்டு. மூச்சு விட்டுக்கொள்கிறேன். மூன்று. நான்கு. அடுத்ததில் முட்ட வேண்டும், அடுத்ததில் எல்லாம் முடிகிறது, நெற்றி வேர்வை இமையில் இறங்குகிறது, துடைக்கக் கையில்லை. ஐந்து. ஸ்பானரை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கிறேன், முட்டிவிட்டதா என்று. நட்டு போகிறது. ஆறு. இல்லை, தவறாக எண்ணியிருக்கிறேன், நான்கை இரண்டு தடவை எண்ணியிருப்பேன். ஏழு. எட்டு. நான் அப்படி எண்ணுகிறவள் அல்ல. ஒன்பது. அப்படியென்றால் நான் இல்லை, நோட்டில் தவறாக எழுதிவிட்டேன், முப்பத்தொரு வருடம் செய்யாத குற்றத்தைத் தூக்கிக்கொண்டு, பத்து, கல்யாணம் வேண்டாம் என்று, இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று, பதினொன்று. பன்னிரண்டு. முட்டியது. கல்லில் முட்டுவதைப் போல முட்டியது. பன்னிரண்டு, சரியாக, ஒரு முடியளவு கூடவோ குறையவோ இல்லை. சந்தோஷம் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது. என் நோட்டில் நான் தவறாக எழுதுவதில்லை. ஐந்தில் வைத்தேன், அது நிச்சயம். பன்னிரண்டில் நிற்கிறது, அதுவும் நிச்சயம். கறுப்பு வளையம் முழுதாக இருந்தது, ஆகவே சிராஜுதீன் அல்ல, தூசு படிவதற்கு முன்னால், வெகு முன்னால், அந்த மெக்கானிக் வருவதற்கும் முன்னால், பட்டை எண்ணத் தெரிந்த ஒரு கை.

“எத்தனை வந்துது?” என்றார் அப்பா.

வண்டிக்குள்ளிருந்து, சாதாரணக் குரலில், மணி என்ன என்று கேட்பதைப் போல. ஸ்பானர் கையிலிருந்து நழுவி எங்கோ தட்டித் தரையில் விழுந்தது. நான் எண்ணுவதாக அவரிடம் சொல்லவே இல்லை.

“பன்னெண்டு.”

“ம். நான் வச்சதுதான்.”

பானெட்டைச் சுற்றி நடந்தேன், ஆறடி தூரம், இந்தப் பக்கத்தில் தரை சரிவு, இதை எப்போதும் மறந்துவிடுகிறேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை, திரும்பிப் பயனுமில்லை. “எப்பப்பா?” என்றேன். “பதினாறாம் நாள் ராத்திரியே. மச்சான் மெக்கானிக்கோட வரேன்னுட்டுப் போனாரே. அதுக்கு முன்னாடி நாமளே பாத்துருவோம்னு தொறந்தேன். எண்ணுனா அஞ்சு. அஞ்சுல எவன் வண்டி ஓட்டுவான்? நீ ஞாயித்துக்கெழம பெட்ரோல் மிச்சம்னியே, அது ஞாபகம் வந்துது.” நாபைக் கட்டைவிரலால் தடவினார். “எப்படி இவ அஞ்சுல கொண்டாந்து வச்சான்னுதான் புரியல. நீ கைய வச்சா சரியாத்தான் வைப்ப. அவ காயப்போட்ட துணிய யாரும் தொடல, நாலு நாள் கழிச்சு நான்தான் கொடியிலேர்ந்து எடுத்தேன். ஒரு டஜன்ல கிளிப்பு பதினொண்ணுதான் இருந்துது. சோக்குல மாட்டுனத எடுக்காமயே நீ நட்டத் திருகிட்டேன்னு அப்பத்தான் புரிஞ்சுது.”

கருவிப் பெட்டியின் கீழ்த்தட்டில், பழைய நோட்டோடு, அந்தப் பன்னிரண்டாவது கிளிப்பையும் இன்று கொண்டுவந்திருந்தேன். எழுந்துபோய் எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஸ்பிரிங் துருவேறி, மரம் சோப்பில் வெளுத்து, ஒரு பக்கம் கறுப்பு ரேகை. கட்டைவிரலால் தடவி அடையாளம் கண்டுகொண்டார். “நீங்க யார்கிட்டயும் சொல்லலையே” என்றேன், அது கேள்வியா குற்றச்சாட்டா என்று எனக்கே தெரியாத குரலில். “என்னன்னு சொல்றது? கல்யாணம் ஆகாத பொண்ணு, தாயக் கொன்னவன்னு பேரு வாங்கிட்டு எங்க போவ? எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது, அம்பது வயசு ஆச்சு.” பிறகு, மெதுவாக: “நீயா சொல்லுவன்னு இருந்தேன். ரெண்டு வருசம் இருந்தேன். அப்புறம் சொல்லிடுவியோன்னு பயமாயிருச்சு.” ஏன் பயம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது எங்கள் பழக்கம். அவரே சொன்னார். “நீ சொன்னா, நான் மிச்சத்த சொல்லணும்ல.”

மிச்சம் என்றால். தெரு நாய் ஒன்று ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவர் இன்னும் வலக்கையால் நாபைப் பிடித்திருந்தார், இடது கையில் கிளிப். “நம்ம தெருவத் தாண்டறதுக்குள்ள நாலு தரம் நின்னுச்சு. சோக்க இழுத்தா ஓடும், விட்டா நிக்கும். நான் கியர் போடுவனா, இதப் புடிப்பனா. உங்கம்மாதான், நான் புடிச்சுக்கறேங்கன்னா. நெஞ்சு வலியோட. ஒரு கையால நெஞ்சு, ஒரு கையால இது. இதே மாதிரி. வண்டி ஓடுச்சு கோதை, நல்லாத்தான் ஓடுச்சு, கேட்டு வரைக்கும் ஓடுச்சு. கேட்டு சாத்தியிருந்துது. கூட்ஸ் வண்டி, போயிட்டே இருக்கு, முடியவே இல்ல. நான் அதப் பாத்துட்டு இருந்தேன். எஞ்சின் நின்னுச்சு. என்னடா நின்னுருச்சேன்னு திரும்பிப் பாத்தா, கை மடியில கெடக்கு.”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அது நின்ற வண்டி.

“அப்ப நான் ஸ்டார்ட் பண்ணல. எல்லாரும் நெனச்சானுங்க நான் ஸ்டார்ட் பண்ணத் தெரியாம முழிக்கறேன்னு. நான் சாவியத் தொடவே இல்ல. அவ கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கேட்டு தொறந்தது, பின்னாடி ஆரன் அடிச்சானுங்க. இருபது நிமிசம்னு அப்புறந்தான் சொன்னாங்க. போயிட்டான்னு நெனச்சேன். மயக்கமாக்கூட இருந்திருக்கலாம். டாக்டரு அப்படிச் சொல்லவும், மயக்கந்தானோன்னு.” இமைகளைத் துடைத்துக்கொள்ளவில்லை, அவர் கண்களில் மருந்து நீர் எப்போதும் நிற்கும், எது எதுவென்று பிரித்தறிய முடியாது. “உன்னுது பட்டை எண்ணி அளந்துக்கலாம். என்னுத எதுல அளக்குறது?”

ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஏழு பட்டை, ஒரு சுற்றும் இன்னொரு பட்டையும், என் ஆட்காட்டி விரலின் இரண்டு அசைவு. அந்த ஏழு பட்டையை என் அம்மா நெஞ்சுவலியோடு ஒன்றரை மைல் தூரம் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள், என்ன பிடித்திருக்கிறோம் என்று தெரியாமல். வலிக்கையில் அவளிடம் மீந்திருந்த பலம் எவ்வளவோ அவ்வளவும் அதில் போயிருக்கிறது. வண்டி நின்றதால் அவள் போனாள் என்றுதான் இத்தனை வருடம் கணக்குப் போட்டிருந்தேன். அவள் போனதால் வண்டி நின்றது. காரணமும் விளைவும் இடம் மாறினால் குற்றம் குறைய வேண்டும். குறையவில்லை. மடியில் கிடந்த கை எனக்கு இதுவரை இல்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். அதன் அருகில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்த மனிதரை எனக்குத் தெரியாது, தெரிந்தவராக எண்ணி மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இறங்கிப்போய் ஸ்பானரைத் தேடி எடுத்தேன். நட்டை முட்டிய இடத்திலிருந்து கீழே இறக்கினேன், ஒன்று, இரண்டு, உரக்க எண்ணினேன், அவருக்குக் கேட்கும்படி. ஒன்பதாவதில் அவர் உதடும் அசைந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். பன்னிரண்டு. சாவியைத் திருப்பினேன். இரண்டாவது முறையில் பற்றிக்கொண்டது. ஆணி கூரையில் மறுபடியும் ஆரம்பித்தது. கார்புரேட்டரின் கீழே ஒரு சிறு முளை உண்டு, அதை விரல்நுனியால் மேலே தள்ளினால் உள்ளிருக்கும் பிஸ்டன் இம்மியளவு உயரும்; கலவை சரியாக இருந்தால் எஞ்சின் ஒரு நொடி வேகம் கூடிப் பிறகு பழைய நிலைக்கு இறங்கும், பெட்ரோல் குறைவாக இருந்தால் செத்துவிடும். ஆனால் சோக் வெளியே இழுபட்டிருக்கும்போது அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. நாப் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். முதலில் சுழி.

ஜன்னலருகே போய்க் குனிந்தேன். “அப்பா, எஞ்சின் சூடாயிருச்சு. அத விட்டுருங்க.”

அவர் விடவில்லை. கணுக்கள் வெளுத்திருந்தன. “நின்னுடும்” என்றார்.

“நிக்காதுப்பா. பன்னெண்டுல இருக்கு.”

“நின்னுடும் கோதை.”

நான் கதவைத் திறந்து அவர் கையின்மேல் என் கையை வைத்தேன். மசகு அவர் தோலில் பட்டது. ஒரு விரல் தளர்ந்தது, பிறகு இன்னொன்று. பிரிக்கவில்லை, இழுக்கவில்லை, வெறுமனே வைத்திருந்தேன். நாப் எங்கள் இருவர் விரல்களுக்கும் நடுவே மெல்ல நகர்ந்தது, உள்ளே போயிற்று, முட்டி நின்றது. அவர் கை சரிந்து மடியில் விழுந்தது.

எஞ்சின் நிற்கவில்லை. ஒருதரம்கூடத் தடுமாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.